சுணைக்குள் இருக்கும் கல்

ஆடி மாதத்தில் சுந்தரபாண்டியபுரம் போனவர்களுக்கு அந்தச் சூரியகாந்தி வயல்களைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குற்றாலத்துச் சாரலைச் சுமந்து வரும் ஈரக்காற்று, மேற்கே நீலமாய் மலை, கண்ணுக்கு எட்டிய மட்டும் மஞ்சள். படம் எடுக்க வந்தவர்கள் வரப்பு நெடுக நிற்பார்கள். நானும் அப்படி நின்றவள்தான். அப்போது வயலுக்குள்ளிருந்து ஓர் அண்ணாச்சி வெளியே வந்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெள்ளை வெள்ளையாகக் கீறல்கள், சுண்ணாம்பால் கோடு இழுத்தது போல. என்ன ஆயிற்று என்று கேட்டேன். “இலைதான் அம்மா. பூ உங்களுக்கு, இலை எங்களுக்கு. அரம் போல அராவிவிடும்” என்றார்.

நான் தாவரவியல் கற்பிப்பவள். 22 ஆண்டுகளாக ஒவ்வொரு முதலாண்டு வகுப்பிலும் ‘சூரியகாந்தி இலை சொரசொரப்பானது’ என்று சொல்லிக் குறிப்பெழுத வைத்திருக்கிறேன். அந்தச் சொரசொரப்பு எதனால் ஆனது என்று ஒரு மாணவியும் கேட்டதில்லை. நானும் எனக்குள் கேட்டுக்கொண்டதில்லை. இலையில் மயிர் இருக்கிறது, ஆகவே சொரசொரப்பு என்பதோடு பாடம் முடிந்துவிடும். ஆனால் மயிர் கீறுமா? பூனையின் முதுகிலும் மயிர்தான் இருக்கிறது. தோலைக் கீற வேண்டுமென்றால் தோலைவிடக் கடினமான ஏதோ ஒன்று அந்த இலையில் இருந்தாக வேண்டும். அண்ணாச்சி சொன்ன ‘அரம்’ பஸ் திருநெல்வேலி வந்து சேரும் வரை மனதை அராவிக்கொண்டே வந்தது. அவரிடம் கேட்டு வாங்கிய 2 இலைகள் செய்தித்தாளில் பொதிந்து மடியில் இருந்தன.

மறுநாள் ஆய்வகத்தில் ஓர் இலைத்துண்டைப் பீங்கான் கிண்ணத்தில் இட்டு 500 டிகிரி செல்சியஸ் உலையில் வைத்தேன். சில மணி நேரம் கழித்துத் திறந்தபோது அது வெண்சாம்பலாகியிருந்தது, ஆனால் இலையின் உருவம் கலையாமல் கிடந்தது. நரம்புகள் தெரிந்தன, ஓரத்துப் பற்கள் தெரிந்தன. மூச்சுக்காற்று பட்டாலே உதிர்ந்துவிடும் போலிருந்தது. ஒரு சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டதும் நுரைத்தது. சாம்பலில் இருந்த கார்பனேட்டுகள் கரைந்தன. நுரை அடங்கிய பிறகும் கரையாமல் மிஞ்சியதை ஸ்லைடில் எடுத்து, நுண்ணோக்கியில் 400 மடங்கு பெருக்கிப் பார்த்தேன்.

கும்மியடிக்க வட்டமாக நிற்கும் பெண்களைப் போல ஒரு வட்டம். கண்ணாடித் துண்டுகள் போன்ற செல்கள் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. நடுவே, குத்துவிளக்கு வைத்த இடம் போல, ஓர் அடிப்பாகம். அதிலிருந்து கணுக்கணுவாக மேலெழுந்து கூராக முடியும் ஒரு முள். தட்டை நகர்த்தினால் இன்னொரு வட்டம், அதற்கப்பால் இன்னொன்று. பச்சையும் சாறும் மணமும் எரிந்து போன பிறகு சூரியகாந்தி இலையில் நின்றது இந்தக் கும்மி வட்டங்கள்தான். அண்ணாச்சியின் கையைக் கீறியவை இவைதான். இவை கல். உருவகமாகச் சொல்லவில்லை; வேதியியல்படியே கல்.

புவியோட்டின் எடையில் கால் பங்குக்குச் சற்று அதிகமாக இருப்பது சிலிக்கன். ஆக்சிஜனுக்கு அடுத்தபடி மிகுந்த தனிமம் அது. பொதிகையின் நைஸ், சார்னோகைட் பாறைகள் மழையிலும் வெயிலிலும் காலகாலமாகச் சிதையும்போது அதில் ஒரு பகுதி சிலிசிக் அமிலமாக நீரில் கரைகிறது. தாமிரபரணித் தண்ணீர் எவ்வளவு தெளிவாக ஓடினாலும் அதற்குள் கரைந்த பாறை உண்டு. கால்வாய் வழியாக வயலுக்கு வரும் அந்த நீரை வேர் உறிஞ்சுகிறது. இலையில் நீர் ஆவியாகிப் போகிறது, கரைந்திருந்தது தங்கிவிடுகிறது. லிட்டருக்குச் சுமார் 120 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டிச் செறிந்தால் சிலிக்காவுக்குக் கரைசலாக நிற்க முடியாது, இறுகத் தொடங்கும். செல்லின் சுவரில் படியும், சில சமயம் செல்லின் உள்ளேயே நிரம்பிவிடும். வெண்கல விளக்கு வார்ப்பவர் மண் அச்சுக்குள் உலோகத்தை ஊற்றி அச்சை உடைத்தெடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். செல் இங்கே அச்சு. இலை மக்கிப் போனதும் அச்சு உடைந்து வார்ப்பு மட்டும் மண்ணில் விழுகிறது. நகைக்கடையில் ஓப்பல் என்று விற்கும் மணிக்கல் எந்தப் பொருளோ அதே பொருள்தான் இந்த வார்ப்பும்: நீர் கலந்த, படிக ஒழுங்கற்ற சிலிக்கா.

அறிவியல் உலகில் இதன் பெயர் பைட்டோலித். கிரேக்கத்தில் பைட்டோன் என்றால் செடி, லித்தோஸ் என்றால் கல். நான் செடிக்கல் என்றே எழுதப் போகிறேன். ஒன்று 10 மைக்ரான் இருக்கலாம், 100 மைக்ரானும் இருக்கலாம். நம் தலைமுடியின் பருமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்பதை வைத்து அளவை நினைத்துக்கொள்ளலாம்.

இலையின் அந்த மயிருக்கு நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது. சுணை. வைக்கோல்போரில் குதித்து விளையாடிவிட்டு வந்த குழந்தையின் உடம்பெல்லாம் சிவந்து அரிக்கும்போது, “சுணை பட்டிருக்கிறது, ஆற்றில் போய்க் குளி” என்பார்கள். பாடப்புத்தகம் தூவி என்கிறது. தூவி என்றால் மென்மையான இறகு நினைவுக்கு வருகிறது. சுணை என்றால் உடம்பு கூசுகிறது. வைக்கோல்போரில் புரண்டவர்கள் வைத்த பெயரல்லவா? நான் வகுப்பில் இப்போது சுணை என்றுதான் சொல்கிறேன்.

செடிக்கல்லில் நெல்லை மிஞ்சப் பயிர் இல்லை. தண்டும் இலையும் சேர்ந்த உலர்ந்த எடையில் 10 சதவீதம் வரைகூட அது சிலிக்கனைச் சேர்த்துவைக்கும். வேர் அதை உள்ளிழுக்கும் மரபணுவை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006இல் கண்டுபிடித்தார்கள். உமியை எரித்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும். அந்தச் சாம்பலில் பத்துக்கு ஒன்பது பங்கு சிலிக்கா. என் தாத்தா கடைசி வரை உமிக்கரியால்தான் பல் துலக்கினார். வாசல் திண்ணையில் உட்கார்ந்து இடது உள்ளங்கையில் கரியை வைத்து, வலது ஆள்காட்டி விரலால் தொட்டுத் தேய்ப்பார். அவர் பல்லை அராவியது நெல்லின் செடிக்கல். ஆச்சி அடுப்புச் சாம்பலைத் தேங்காய் நாரில் தொட்டுப் பாத்திரம் துலக்கியதும் கொஞ்சம் இதே கணக்குத்தான். பத்தமடைப் பாய்க்கு எடுக்கும் கோரையின் தோலிலும் செடிக்கல் உண்டு. கோரை வகைச் செடிகளுக்கு அது கூம்பு வடிவில், சின்னத் தொப்பி போல இருக்கும். பத்தமடையில் வாங்கிய பாய் ஒன்றிலிருந்து பிரிந்த இழையை எரித்துப் பார்த்தேன். தொப்பிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அந்தப் பாயில் எத்தனை மத்தியானம் தூங்கியிருக்கிறேன்!

சூரியகாந்திக் குடும்பம் அப்படிக் கொட்டிக் கொடுப்பதில்லை. பூக்கும் தாவரங்களில் மிகப் பெரிய குடும்பங்களில் ஒன்று இது. 32,000 இனங்கள் வரை சொல்கிறார்கள். ஒரு பூ என்று நாம் நினைப்பது பல சிறு பூக்களின் கூட்டம் என்பது இந்தக் குடும்பத்தின் அடையாளம். ஆனால் செடிக்கல் விஷயத்தில் கை இறுகல். இலை முழுக்க நிரப்பாது. சுணையிலும், சுணையின் அடியிலும், அதைச் சுற்றி நிற்கும் செல்களிலும், சில சமயம் நீர்க்குழாய்ச் செல்களிலும் கொஞ்சம் வைக்கும், அவ்வளவுதான். எல்லா இனமும் வைப்பதில்லை. ஒரே செடியில் எல்லாச் சுணையும் கல்லாவதுமில்லை. ஆனால் வைத்த இடத்தைப் பாருங்கள். புழு ஏறும் இடம், மாட்டின் நாக்கு முதலில் தொடும் இடம். கொஞ்சமாகக் கையில் இருக்கும் காசை எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று தெரிந்த வீட்டுப் பெண்ணின் கணக்கு அது. கடித்துத் தின்ன வரும் பூச்சியின் தாடையைச் சிலிக்கா தேய்த்துவிடும். சுணையின் அடி இறுகியிருந்தால் அது வளையாமல் நிமிர்ந்து நின்று குத்தும்.

ஊருக்குப் போனபோது மற்றவற்றையும் பறித்து வந்தேன். எங்கள் ஊர் சேரன்மகாதேவிப் பக்கம், கன்னடியன் கால்வாய் பாயும் பூமி. காரும் பிசானமும் என்று 2 போகம் விளையும் வயல்கள். வரப்பில் ஐந்து நிமிடம் நடந்தால் இந்தக் குடும்பத்தில் அரை டஜன் கிடைக்கும். கிணற்றடிப்பூண்டு எங்கும் இருக்கிறது. வெட்டுக்காயத்துக்குக் கசக்கிப் பிழிவோமே, அதுதான். குழந்தைகள் அதன் நீண்ட காம்பைப் பிடித்துக்கொண்டு, தாத்தா காசு கொடுக்காவிட்டால் தலையை வெட்டிவிடுவேன் என்று பாடிப் பெருவிரலால் பூவைத் தெறிக்க விடுவார்கள். இது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த செடி என்று சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை. அறுவடை முடிந்த நிலத்தில் கொட்டைக்கரந்தை, ஊதா உருண்டைகளோடு, மிதித்தால் காட்டமாக மணக்கும். புறத்திணையில் ஆநிரை மீட்கப் போகும் வீரர்கள் சூடிய கரந்தை இதுதான் என்பாரும் உண்டு, இல்லை திருநீற்றுப்பச்சை என்பாரும் உண்டு. கால்வாய் ஓரத்து ஈரத்தில் கரிசலாங்கண்ணி.

கரிசலாங்கண்ணி என்றால் எனக்கு ஆச்சியின் கட்டைவிரல். அவள் காலையில் கால்வாய்க்குக் குளிக்கப் போனால் திரும்பும்போது முந்தானையில் ஏதாவது கீரை இருக்கும். கரிசலாங்கண்ணியை அம்மியில் வைத்து அரைத்து, தேங்காயெண்ணெயில் காய்ச்சி, எங்கள் 4 பேர் தலைக்கும் தேய்ப்பாள். இலைச்சாறு காற்றுப் பட்டதும் கறுத்துவிடும். அவள் விரல் நகக்கண்களில் அந்தக் கறுப்பு நிரந்தரமாக இருந்தது. இலையைத் தடவிப் பார்க்கச் சொல்வாள். கன்றுக்குட்டி நக்குவது போல இருக்கும். அப்படி இருந்தால்தான் அது கரிசலாங்கண்ணி. வழவழப்பாக இருந்தால் வேறு எதுவோ, பறிக்காதே என்பாள். பார்த்துப் பறிக்காமல் தொட்டுப் பறித்தவள் அவள்.

நுண்ணோக்கியில் அந்தக் கன்றின் நாக்கு தெரிந்தது. கரிசலாங்கண்ணியின் சுணை பெரும்பாலும் 3 செல்களால் ஆனது. அடியில் ஒரு குட்டை செல், நடுவில் ஒரு நெட்டை செல், நுனியில் கூர்மையாக ஒரு சின்ன செல். இலையின் மேல் நிமிராமல் ஒரே பக்கமாகப் படிந்து கிடக்கும். நுனிப்பக்கமாகத் தடவினால் விரல் வழுக்கும். எதிர்ப்பக்கம் தடவினால் பிடிக்கும். ஆச்சி எந்தப் பக்கம் தடவச் சொன்னாள் என்பது கை நினைவில் இருக்கிறது. காம்பை நோக்கித்தான். கிணற்றடிப்பூண்டின் சுணை இதைவிடக் கரடு. அடி புடைத்து மேடாக இருக்கும், மேலே கணுக்கணுவாக நீளும். சூரியகாந்தியின் கும்மி வட்டத்தைப் பார்த்த கண்ணுக்கு இவை மூன்றும் அக்காள் தங்கைகள் என்பது உடனே தெரிந்துவிடும். முகம் வேறு, மூக்கு ஒன்று.

இந்த வேலையில் நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். இந்தக் குடும்பத்துப் பூத்தலைகளிலிருந்து வரிசை வரிசையாகத் துளையிட்ட கறுப்புத் தகடுகள் கிடைக்கும், அகழ்வாய்வு மண்ணில் இக்குடும்பத்தை அடையாளம் காண அவை உதவும் என்று படித்திருந்தேன். ஆயுதபூசைக்குக் கட்டிய கேந்திப்பூ மாலைகள் காய்ந்ததும் விதைகளை உதிர்த்து, ஒரு மாணவியிடம் கொடுத்து எரிக்கச் சொன்னேன். சாம்பலில் தகடு ஒன்றுகூட இல்லை. கழுவும்போது நீ கொட்டிவிட்டாய் என்று அவளைக் கடிந்துகொண்டேன். அவள் ஒன்றும் பேசாமல் போய், மீதி விதைகளை எரிக்காமல் நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவைத்துப் பார்த்திருக்கிறாள். ஸ்லைடைக் கொண்டு வந்து மேசையில் வைத்தாள். சல்லடை போலத் துளைகளோடு, கரிய தகடுகள் நிறையக் கிடந்தன.

விஷயம் இதுதான். அந்தத் தகடு சிலிக்கா கிடையாது. பைட்டோமெலனின் என்ற, கரி மிகுந்த ஒரு பொருள். சூரியகாந்தி, கேந்தி, காஸ்மோஸ் போன்றவற்றின் விதை என்று நாம் சொல்லும் கனியின் ஓட்டுக்குள் நார் அடுக்கை ஒட்டிப் படியும். வலுவான அமிலத்துக்கும் அசையாது. தீயில் வைத்தால் கரியாயிற்றே, எரிந்து போய்விடும். நான் உலைக்குள் வைத்து நானே அழித்துவிட்டு ஒரு பெண்ணைக் கடிந்துகொண்டேன். வகுப்பின் முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். சூரியகாந்தி விதைக்குக் கறுப்பைத் தருவதில் இந்த அடுக்குக்குப் பங்கு உண்டு; வட அமெரிக்காவில் சூரியகாந்திப் பூவைத் துளைக்கும் அந்துப்பூச்சியின் புழுவுக்கு எதிராக இது கவசம் போல நிற்கிறது என்று கண்டிருக்கிறார்கள். ஆக இந்தக் குடும்பத்துக்கு 2 கவசங்கள். இலையில் நெருப்புக்கு அசையாத கல், விதையில் அமிலத்துக்கு அசையாத கரி. ஒரே முறையில் தேடினால் ஒன்று கட்டாயம் கையை விட்டுப் போகும். எரிப்பது, அமிலத்தில் வேகவைப்பது என்று இரண்டு வழியிலும் பார்த்த பிறகுதான் இப்போது ஒரு செடியைப் பற்றிப் பேசுகிறோம்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்காக மண்ணுக்கு வருகிறேன். செடி அழுகும், மகரந்தம்கூடக் காற்றோட்டமான மண்ணில் சிதைந்துவிடும், செடிக்கல் கிடக்கும். காரத்தன்மை மிகுந்து அமில காரக் குறியீடு 9ஐத் தாண்டிய மண்ணில்தான் அது வேகமாகக் கரையும். எரிந்த அடுப்படியிலும், மக்கிய குப்பைக்குழியிலும், பானையின் அடியிலும், அரைத்த கல்லின் குழியிலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தங்கும். காற்றில்கூடப் பயணிக்கும். டார்வின் பீகிள் கப்பலில் போகும்போது ஆப்பிரிக்காவுக்கு மேற்கே வெர்டே முனைத் தீவுகளின் அருகே வானத்திலிருந்து உதிர்ந்த பழுப்புத் தூசியைச் சேகரித்தார். அந்தப் பக்கத்துக் கடலில் வேறொரு கப்பலில் விழுந்து, புவியியல் அறிஞர் லயல் கொடுத்த தூசியையும் சேர்த்து, 5 சிறு பொட்டலங்களாக ஜெர்மானிய அறிஞர் எரன்பெர்க்குக்கு அனுப்பினார். அதில் 67 விதமான உயிரின வடிவங்களை எரன்பெர்க் எண்ணினார். செடிகளின் சிலிக்காத் துணுக்குகளும் அவற்றில் இருந்தன. ஆப்பிரிக்காவின் புல்வெளி கடலுக்கு மேலே பறந்து போயிருக்கிறது. ஆடிக்காற்றில் நம் கண்ணில் விழும் தூசியிலும் யார் வீட்டு வைக்கோலோ இருக்கும்.

தாமிரபரணிக் கரையில் பழமைக்குப் பஞ்சமில்லை. ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜெர்மானியரான ஜாகோர் தோண்டினார். பிறகு தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ. அதற்குப் பக்கத்தில் சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லைக் கரிமக் கணிப்புக்கு அனுப்பியதில் பொதுயுகத்துக்கு முன் 1155 என்று வந்தது. 2021இல் அதைச் சட்டமன்றத்தில் அறிவித்தபோது நான் பேருந்து நிலையத்தில் செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். 3,200 ஆண்டுகளுக்கு முன் இறந்தவருக்கு யாரோ நெல் வைத்திருக்கிறார்கள். அந்த நெல்லைப் பற்றிப் பெருமைப்படாத திருநெல்வேலிக்காரர் யார்? ஊரின் பெயரிலேயே நெல் இருக்கிறது.

ஆனால் அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. அந்தச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்ன இருந்தது? வரப்பில் கீரை பறித்தவள் யார்? நெல்லின் செடிக்கல் மண்ணில் சத்தம் போட்டுப் பேசும். உமிக்கு இரட்டைச் சிகரம் போன்ற செல், இலைக்கு விசிறி போன்ற செல். பார்த்த மாத்திரத்தில் நெல் என்று சொல்லிவிடலாம். கீரைகள் முணுமுணுக்கும். சூரியகாந்திக் குடும்பத்தின் சுணை மெல்லியது, உடைந்துவிடும், எண்ணிக்கையும் குறைவு. கிடைத்தாலும் குடும்பத்தைச் சொல்லலாம், இனத்தைச் சொல்வது கடினம். ஒரு ஸ்லைடில் நூற்றுக்கணக்கில் புல்லும் நெல்லும் இருக்க, இது ஒன்றோ இரண்டோ இருந்தால், எண்ணுபவர் கண் அசந்தால் போயிற்று. பட்டியலில் நெல் நிற்கும், கரந்தையும் கரிசலாங்கண்ணியும் நிற்காது. அதைப் படிப்பவர் அக்காலத்து மனிதர்கள் நெல்லை மட்டுமே தின்றார்கள் என்று நினைத்துக்கொள்வார். உழுதவனுடைய பயிருக்குச் சாட்சி உண்டு. வரப்பில் குனிந்தவளுக்கு இல்லை. இது மண்ணின் குறைபாடு என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. காதைக் கூர்மையாக்கிக்கொள்ள வேண்டியவர்கள் நாம்தான்.

கூர்மையாக்கினால் கேட்கும் என்பதற்கு ஸ்பெயினில் எல் சிட்ரோன் என்ற குகை இருக்கிறது. அங்கே சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த நியாண்டர்தால் மனிதர்களின் பற்களில் படிந்த காரையை ஆராய்ந்து 2012இல் ஒரு முடிவு வந்தது. அவர்களில் ஒருவரின் காரையில் ஆங்கிலத்தில் யேரோ (yarrow), சாமோமைல் எனப்படும் 2 செடிகளுக்குரிய வேதிப்பொருள்கள் இருந்தன. இரண்டும் நம் கரிசலாங்கண்ணியின் குடும்பம். இரண்டும் கசப்பு. வயிற்றை நிரப்புவதற்காக அவற்றைத் தின்றிருக்க முடியாது, மருந்தாகத்தான் இருக்கும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அதைப் படித்தபோது யாரோ ஓர் ஆச்சி பறித்துக் கொடுத்திருப்பாள் என்று எழுந்த எண்ணத்தை நான் அடக்கவில்லை.

அதனால்தான் இப்போது ஸ்லைடுகள் சேர்க்கிறேன். எங்கள் ஊர் வரப்பின் செடிகள், ஒவ்வொன்றிலும் இலை, தண்டு, பூத்தலை, விதை தனித்தனியாக. எரித்தது ஒன்று, அமிலத்தில் வெந்தது ஒன்று. செடிக்கல்லுக்குப் பெயரிட உலகப் பொது விதிமுறை 2005இல் வந்தது, திருத்திய பதிப்பு 2019இல் வந்தது. அந்தப் பெயர்களை எழுதி, பக்கத்தில் ஊர்ப்பெயரையும் எழுதுகிறேன். நாளைக்கு யாராவது தாமிரபரணிக் கரையில் தோண்டிய மண்ணில் ஒரு சுணையைக் கண்டால் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் இடம் வேண்டும். 60 செடிகள் முடிந்திருக்கின்றன. கூட நிற்பவள் அந்த மாணவிதான்.

போன தை மாதம் ஊருக்குப் போனபோது கொல்லைப்புறத்தில் ஆச்சியின் அம்மி கவிழ்ந்து கிடந்தது. மிக்ஸி வந்த பிறகு அதை யாரும் தொடவில்லை. அம்மி கொத்துபவரும் தெருவுக்கு வருவதில்லை. அரைத்த கல்லின் குழிகளுக்குள் செடிக்கல் சிக்கி நிற்கும் என்பது அகழ்வாய்வாளர்கள் பயன்படுத்தும் உண்மை. வீட்டு முற்றத்தில் வைத்து மூன்று கட்டமாகக் கழுவினோம். முதலில் உலர்ந்த தூரிகையால் மேல்மண். அதைத் தனியே வைத்தோம். பிறகு காய்ச்சி வடித்த நீரில் தேய்த்து ஒரு கழுவல். கடைசியாக, உளி கொத்திய பழைய குழிகளுக்குள் மட்டும் அதிரும் பல்துலக்கியை வைத்து ஒரு கழுவல். அம்மி கிடந்த இடத்து மண்ணையும் ஒப்பிடுவதற்காக எடுத்துக்கொண்டோம். அத்தை வாசல்படியில் உட்கார்ந்து, அம்மிக்குப் பல் துலக்குகிறீர்களா என்று கேட்டுவிட்டு, ஆச்சி எந்தப் பக்கம் உட்கார்ந்து அரைப்பாள் என்பதைக் காட்டினாள். குழவி இழுபட்ட பக்கம் கல் குழிந்திருந்தது.

மூன்றாவது கழுவலில் உமித் துணுக்கு ஒன்று இருந்தது. புல் செல்கள் கொஞ்சம். 11ஆவது ஸ்லைடின் இடது ஓரத்தில் ஒரு சுணை. அடியில் குட்டை, நடுவில் நெட்டை, நுனி உடைந்திருந்தது. ஒரே தளத்தில் மட்டும் அதிரும் துருவ ஒளியில் திருப்பிப் பார்த்தோம், இருண்டது. செடிகளில் காணும் இன்னொரு பொருளான கால்சியம் ஆக்சலேட் படிகமாக இருந்தால் மின்னியிருக்கும், ஆகவே சிலிக்காதான். அம்மியின் அடிமண்ணில் இப்படி ஒன்று கிடைக்கவில்லை. எங்கள் சேகரிப்பில் கரிசலாங்கண்ணி ஸ்லைடைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நுனி இல்லாததால் உறுதியாகச் சொல்ல முடியாது. இந்தக் குடும்பத்தில் இப்படிச் சுணை உள்ளவை வேறும் உண்டு. மாணவி பேனாவை என்னிடம் நீட்டினாள். சிட்டையில் எழுதினேன்: அம்மி, குழி, மூன்றாம் கழுவல். சுணை 1, நுனி முறிந்தது. சூரியகாந்திக் குடும்பம். இனம் உறுதியில்லை.